பத்துக்கு எத்தனை? வலியை அளப்பதும் தணிப்பதும்

வலி நமக்கு வந்தால் அதில் சந்தேகமே கிடையாது. அடுத்தவருக்கு வந்தால்தான் ஆதாரம் கேட்கிறோம். ‘இந்தச் சின்னக் காயத்துக்கா இத்தனை அலறல்?’ ‘ஸ்கேனில் ஒன்றும் இல்லையாம், எல்லாம் மனப்பிரமை.’ ‘அவளுக்கு வலி தாங்கும் சக்தியே கிடையாது.’ இப்படிப் பேசாத வீடு இருக்காது. மருத்துவமனைகளிலும் இதே பேச்சு சற்று நாகரிகமாக நடக்கிறது.

இத்தனை பேச்சுக்கும் அடியில் ஒரே கணக்குதான் இருக்கிறது. உடலில் சேதம் எவ்வளவோ, வலியும் அவ்வளவு இருக்க வேண்டும் என்பது அந்தக் கணக்கு. பார்க்க நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் கடந்த எண்பது ஆண்டு வலி ஆராய்ச்சி அதைத் திரும்பத் திரும்பப் பொய்யாக்கியிருக்கிறது. எப்படி என்று புரிந்துகொண்டால், மருத்துவர் ‘பத்துக்கு எத்தனை வலி?’ என்று ஏன் கேட்கிறார், ஒரு மாத்திரை ஒரு வலிக்குக் கேட்டு இன்னொன்றுக்கு ஏன் கேட்பதில்லை என்பதெல்லாம் தானாகவே விளங்கும்.

ஆணியும் போர்க்களமும்

1995இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு சின்னக் குறிப்பு வந்தது. 29 வயதுக் கட்டடத் தொழிலாளி ஒருவர் கீழே குதித்தபோது, நிமிர்ந்து நின்ற 15 செ.மீ. ஆணி ஒன்று அவருடைய பூட்ஸைத் துளைத்துக்கொண்டு மேலே வந்துவிட்டது. ஆணியை இம்மி அசைத்தாலும் அவரால் பொறுக்க முடியவில்லை. வலுவான வலி நிவாரணியும் மயக்க மருந்தும் கொடுத்த பிறகே அதை உருவினார்கள். பூட்ஸைக் கழற்றிப் பார்த்தால் பாதத்தில் ஒரு கீறல்கூட இல்லை. ஆணி இரண்டு விரல்களுக்கு நடுவே புகுந்து போயிருந்தது.

அவர் நடித்தார் என்று சொல்வது சுலபம். ஆனால் காலைத் துளைத்து நிற்கிற ஆணியைக் கண்ணால் பார்த்த ஒருவருக்கு, வலி வருவதற்கு அந்தக் காட்சியே போதுமானதாக இருந்தது. அவர் பட்ட வேதனை அசல் வேதனைதான். காயம் மட்டும்தான் இல்லை.

இதற்கு நேர் எதிரான சம்பவம் இரண்டாம் உலகப் போரில் நடந்தது. இத்தாலிப் போர்முனையில் பணியாற்றிய அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் ஹென்றி பீச்சர், படுகாயம் அடைந்து வந்த வீரர்களிடம் வலி பற்றி விசாரித்து 1946இல் வெளியிட்டார். எலும்பு நொறுங்கியவர்களும் வயிறு கிழிந்தவர்களும் அவர்களில் உண்டு. ஆனாலும் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் வலி மருந்து தேவைப்படும் அளவுக்கு வலிக்கவில்லை என்றார்கள். அவர்கள் அதிர்ச்சியில் உறைந்துபோயும் இருக்கவில்லை. அதே ஆட்கள், ஊசியைச் சரியாகக் குத்தாவிட்டால் மற்றவர்களைப் போலவே கத்தினார்கள். போர்முனையில் காயம் என்றால் உயிரோடு வீடு திரும்பலாம் என்று பொருள். அந்தப் பொருள்தான் வலியைக் குறைத்தது என்பது பீச்சரின் விளக்கம்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: காயமே இல்லாமல் கடும் வலி வரலாம். பெரும் காயத்தோடு வலி இல்லாமலும் இருக்கலாம். இரண்டுக்கும் உறவு உண்டு, ஆனால் ஒன்று மற்றொன்றின் நிழல் அல்ல.

நிருபர் அனுப்புவது வேறு, அச்சில் வருவது வேறு

இந்த உறவைப் புரிந்துகொள்ள ஒரு பத்திரிகை அலுவலகத்தை நினைத்துக்கொள்ளலாம். களத்தில் நிருபர் இருக்கிறார். அவர் அனுப்பும் செய்தி முதலில் மாவட்ட அலுவலகத்துக்குப் போகிறது. அங்கே சில செய்திகள் கிடப்பில் போடப்படுகின்றன, சில அவசரமாக மேலே அனுப்பப்படுகின்றன. கடைசியில் தலைமை அலுவலகத்தில் ஆசிரியர் குழு முடிவெடுக்கிறது: முதல் பக்கமா, உள்பக்கமா, குப்பைக் கூடையா? வாசகர் பார்ப்பது அச்சில் வந்ததை மட்டுமே. நாம் ‘வலி’ என்று உணர்வதும் அப்படி அச்சில் வந்ததைத்தான்.

நம் உடலின் நிருபர்களுக்கு நோசிசெப்டர் என்று பெயர். தோல், தசை, மூட்டு, உள்ளுறுப்புகள் என்று பல இடங்களில் இருக்கும், ஆபத்தான சூடு, அழுத்தம், ரசாயனம் ஆகியவற்றுக்கு மட்டும் விழித்துக்கொள்ளும் நரம்பு முனைகள் இவை. இவர்கள் அனுப்புவது வலி அல்ல, எச்சரிக்கைச் செய்தி. அதுவும் சில சமயம் ஏமாந்துபோய் அனுப்புவது. மிளகாய் கடித்தால் வாய் எரிகிறதே, அங்கே நெருப்பும் இல்லை, வெந்த புண்ணும் இல்லை. ஏறத்தாழ 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறினால் திறக்க வேண்டிய ஒரு புரதக் கதவை, மிளகாயில் உள்ள கேப்சைசின் சூடே இல்லாமல் திறந்துவிடுகிறது. டேவிட் ஜூலியஸின் குழு 1997இல் அந்தக் கதவை அடையாளம் கண்டது. 2021ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது.

செய்தி போகும் கம்பிகளிலும் இரண்டு வகை. கால் கட்டைவிரலைக் கட்டிலின் காலில் இடித்துக்கொள்ளும்போது கவனித்துப் பாருங்கள். முதலில் சுரீரென்று ஒன்று. ஓரிரு நொடி இடைவெளி. ‘ஐயோ, இப்போது வரப்போகிறது’ என்று நினைத்து முடிப்பதற்குள் மந்தமான, ஆழமான, வயிற்றைப் பிசைகிற இரண்டாவது வலி வருகிறது. முதலாவதைக் கொண்டுவரும் நரம்பிழைகள் நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் செய்தி கடத்துபவை. இரண்டாவதைக் கொண்டுவருபவை நொடிக்குச் சுமார் ஒரு மீட்டர்தான் போகும். நாம் நடக்கிற வேகம்கூட இல்லை.

மாவட்ட அலுவலகம் இருப்பது தண்டுவடத்தில். இடித்த இடத்தை நாம் ஏன் உடனே தேய்த்துவிடுகிறோம் என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. தொடு உணர்வைக் கொண்டுவரும் தடித்த நரம்பிழைகள் தண்டுவடத்தில் வந்து சேரும்போது, எச்சரிக்கைச் செய்தி மேலே போவதை ஓரளவு தடுக்கின்றன. ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இருவர் 1965இல் இதை ‘வாயில் கட்டுப்பாட்டுக் கோட்பாடு’ என்ற பெயரில் முன்வைத்தார்கள். அவர்கள் வரைந்த நரம்பு இணைப்புகளில் சில பிற்பாடு தவறென்று தெரிந்தது. ஆனால் முக்கியமான கருத்து நிலைத்துவிட்டது: தண்டுவடம் வெறும் கம்பி அல்ல, செய்தியைக் கூட்டவும் குறைக்கவும் வல்ல இடம். மூளையும் மேலிருந்து உத்தரவு அனுப்பி அந்த வாயிலை மூடவோ திறக்கவோ முடியும்.

மூளையில் ‘வலி மையம்’ என்று தனியாக ஓர் இடம் கிடையாது. எங்கே, எவ்வளவு, எத்தனை ஆபத்து, முன்பு இப்படி நடந்திருக்கிறதா, இப்போது இதைவிட அவசரமான வேலை இருக்கிறதா என்று பல பகுதிகள் சேர்ந்து எடைபோடுகின்றன. அந்த முடிவுதான் வலி. வலி ஆய்வுக்கான சர்வதேச சங்கம் 2020இல் திருத்தி வெளியிட்ட வரையறையும், வலியைப் புலனுணர்வும் மனவுணர்வும் கலந்த ஓர் அனுபவம் என்றுதான் சொல்கிறது. உடல் சேதத்தோடு தொடர்புடையதாகவோ, அதைப் போன்றதாகவோ அந்த அனுபவம் இருக்கலாம். சேதம் இருந்தே தீர வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை.

சுருக்கமாக: நரம்பு அனுப்புவது எச்சரிக்கை, தண்டுவடம் அதைக் கூட்டிக் குறைக்கிறது, மூளை முடிவெடுக்கிறது. ‘எல்லா வலியும் மூளையில்தான் உருவாகிறது’ என்பது உண்மை. ‘ஆகவே இது பிரமை’ என்பது அதிலிருந்து வராது. பார்வையும் மூளையில்தான் உருவாகிறது. அதற்காக எதிரே வரும் பஸ்ஸை யாரும் பிரமை என்பதில்லை.

அளவுகோல் தேடிய கதை

சூட்டுக்குத் தெர்மாமீட்டர் இருப்பதுபோல் வலிக்கும் ஒரு கருவி வேண்டும் என்ற ஆசை பழையது. 1940களில் அமெரிக்காவில் ஹார்டி, வுல்ஃப், குடெல் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதில் தீவிரமாக இறங்கினார்கள். நெற்றியில் கறுப்புப் பூசி, அதன்மேல் விளக்கின் வெப்பத்தைக் குவித்து, எந்தச் சூட்டில் வலி தொடங்குகிறது, எங்கே அது உச்சத்தைத் தொடுகிறது என்று பார்த்தார்கள். சோதனைக்குத் தங்களையே உட்படுத்திக்கொண்டார்கள். ‘டோல்’ என்று ஓர் அலகும் பிறந்தது. பத்தரை டோல் என்பது உச்சம்.

அந்த அலகு நிலைக்கவில்லை. ஆய்வகத்தில் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்ற தைரியத்தோடு பட்டுக்கொள்ளும் சூடும், என்ன ஆகுமோ என்ற பயத்தோடு வரும் நெஞ்சு வலியும் ஒரே பொருள் அல்ல. மேலே சொன்ன பீச்சரே இதற்கும் சாட்சி. மார்ஃபின் என்ற வலுவான வலி நிவாரணி நோயாளிகளின் வலியைத் தெளிவாகக் குறைத்தது. ஆய்வகச் சூட்டில் அதன் விளைவு ஒரே சீராகத் தென்படவில்லை என்று அவர் காட்டினார். மார்ஃபினையே பிடிக்க முடியாத அளவுகோலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கடைசியில் மருத்துவம் வந்து சேர்ந்த இடம், கேட்டால் ஏமாற்றமாக இருக்கும்: வலிப்பவரிடமே கேட்பது. பூஜ்யம் என்றால் வலி இல்லை, பத்து என்றால் கற்பனை செய்யக்கூடியதிலேயே மோசமான வலி. எண்ணுக்குப் பதில் 10 செ.மீ. நீளக் கோடு ஒன்றைக் கொடுத்து, அதில் ஒரு புள்ளி வைக்கச் சொல்வதும் உண்டு.

இந்த எண்ணைத்தான் பலர் தவறாகப் படிக்கிறார்கள். உங்கள் கற்பனையின் எல்லை வேறு, என் கற்பனையின் எல்லை வேறு. ஆகவே உங்கள் ஏழும் என் ஏழும் சமம் என்று சொல்ல முடியாது. நான்கு என்பவரைவிட எட்டு என்பவருக்கு இரண்டு மடங்கு காயம் என்பதும் அபத்தம். ஆனால் நேற்று எட்டு என்ற அதே ஆள் இன்று ஐந்து என்றால் அதற்கு அர்த்தம் உண்டு. இரண்டு புள்ளி, அல்லது தொடக்க அளவில் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தால், அதை நோயாளிகள் தங்களுக்கு நல்ல முன்னேற்றம் என்று கருதுகிறார்கள். 2001இல் பல மருந்துச் சோதனைகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்துக் கண்ட விஷயம் இது. வலி மருந்தைப் பற்றிய ஆய்வு முடிவைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ‘வலி குறைந்தது’ என்று தலைப்பு இருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் பத்துக்கு அரைப் புள்ளி குறைந்திருக்கும்.

எண் சொல்லாத விஷயங்களும் நிறைய. மெல்சாக் 1975இல் வெளியிட்ட மெக்கில் வினாப்பட்டியலில் வலியை விவரிக்கும் 78 சொற்கள் இருந்தன. குத்துகிறதா, குடைகிறதா, விண்விண்ணென்று தெறிக்கிறதா, எரிகிறதா, ஷாக் அடித்தாற்போல் இழுக்கிறதா என்பதெல்லாம் வெறும் வர்ணனை அல்ல. எரிச்சலும் ஷாக்கும் மரத்துப்போதலும் சேர்ந்து வந்தால் நரம்பே பழுதடைந்திருக்கலாம் என்ற சந்தேகம் எழும். சிகிச்சையின் திசையே மாறும். எனவே மருத்துவரிடம் ‘ரொம்ப வலிக்கிறது, டாக்டர்’ என்பதோடு நிறுத்தாமல், எப்படி வலிக்கிறது, அதனால் எதைச் செய்ய முடியாமல் போனது என்று சொல்வது அதிகப் பயன் தரும். ‘ஏழு’ என்பதைவிட ‘பத்துப் படி ஏறினால் உட்கார்ந்துவிடுகிறேன்’ என்பதில் செய்தி அதிகம்.

பேச முடியாதவர்களை என்ன செய்வது? ஓரளவு வளர்ந்த குழந்தைகளுக்குச் சிரிக்கும் முகம் முதல் அழும் முகம் வரை வரைந்த படங்களைக் காட்டிக் கேட்கலாம். அதற்கும் கீழே, முகச்சுளிப்பு, கால் உதறல், அழுகை, தேற்றினால் அடங்குகிறதா என்று கவனித்து மதிப்பெண் போடுகிறார்கள். இந்த அக்கறை மருத்துவத்துக்கு வெகு தாமதமாகத்தான் வந்தது. பச்சிளம் குழந்தைகளின் நரம்பு மண்டலம் முதிராதது, அவற்றுக்கு வலி தெரியாது என்று சொல்லிக்கொண்டு, 1980கள் வரைகூட மிகக் குறைந்த வலி மருந்தோடு அறுவை சிகிச்சை செய்தார்கள். கே.ஜே.எஸ். ஆனந்தும் அவருடைய சகாக்களும் 1987இல் வெளியிட்ட ஆய்வு, குறைமாதக் குழந்தைகளை இரண்டு பிரிவாகப் பிரித்துப் பார்த்தது. ஃபென்டனில் என்ற வலி மருந்தும் சேர்த்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகளின் ரத்தத்தில் பதற்ற ஹார்மோன்கள் குறைவாக இருந்தன, அறுவைக்குப் பிந்தைய சிக்கல்களும் குறைந்தன. வாய்விட்டுச் சொல்லாததால் வலியே இல்லை என்று எடுத்துக்கொண்டதற்கு இதைவிட மோசமான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

மூளையைப் படம் பிடித்து வலியைக் கண்டுபிடிக்க முடியாதா என்று கேட்கலாம். 2013இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமானவர்களுக்குச் சூடு வைத்தபோது மூளையில் தோன்றும் ஒரு பொது வடிவத்தை எம்.ஆர்.ஐ. மூலம் நல்ல துல்லியத்தோடு பிரித்தறிந்தார்கள். ஆய்வாளர்களுக்கு அது அருமையான கருவி. ஆனால் இழப்பீட்டு வழக்கில் நிற்பவருக்கு உண்மையிலேயே முதுகு வலிக்கிறதா என்று அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. மேலே சொன்ன சர்வதேச சங்கம் அமைத்த குழுவும் 2017இல் அப்படிப் பயன்படுத்தக் கூடாது என்றே கூறியது.

சுருக்கமாக: வலியின் எண், ஒரே ஆளின் நேற்றையும் இன்றையும் ஒப்பிட உதவும். இரண்டு ஆட்களை ஒப்பிடவோ, காயத்தை அளக்கவோ, பொய்யைக் கண்டுபிடிக்கவோ உதவாது.

செய்தி அடங்காதபோது

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் அல்லது திரும்பத் திரும்ப வரும் வலியை நாள்பட்ட வலி என்கிறார்கள். நீண்டு போன சாதாரண வலி என்று இதை நினைப்பதுதான் பெரிய குழப்பம். பல சமயம் இதன் இயக்கமே வேறு. கிளிஃபோர்ட் வுல்ஃப் 1983இல் விலங்குகளில் காட்டியது இது: காயத்தின் செய்திகள் தொடர்ந்து வந்தால் தண்டுவட நரம்பணுக்களே கூருணர்வு அடைந்துவிடுகின்றன. பிறகு மெல்லிய தொடுதல்கூட வலியாகப் பதிவாகும். இதற்கு மைய மிகையுணர்வு என்று பெயர். பத்திரிகை மொழியில் சொன்னால், பெரிய கலவரம் ஒன்றைப் பார்த்துவிட்ட மாவட்ட அலுவலகம், அதன் பிறகு தெருவில் பட்டாசு வெடித்தாலும் முதல் பக்கச் செய்தியாக அனுப்புகிறது. களத்தில் நிருபரைத் தேடிப்போனால் அங்கே கலவரம் இருக்காது. ‘ஸ்கேனில் ஒன்றும் இல்லை’ என்பதற்குப் பல நேரங்களில் இதுதான் காரணம்.

ஸ்கேனில் ஏதாவது இருந்தாலும் அதுவே வலிக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. முதுகு வலி இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் முதுகெலும்புப் படங்களை 2015இல் தொகுத்துப் பார்த்தார்கள். 20 வயதினரிலேயே 37 சதவீதம் பேருக்கு வட்டுத் தேய்மானம், அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் வட்டுகளில் தேய்மானம், தெரிந்தது. 80 வயதினரில் 96 சதவீதம். நரை விழுவதைப் போன்ற மாற்றங்கள்தான் பலவும். ‘உங்கள் வட்டு தேய்ந்துவிட்டது’ என்று கேட்ட நாளிலிருந்து குனியவே பயப்படுகிற மனிதருக்கு இந்தப் புள்ளிவிவரத்தை யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

எந்த மருந்து எந்த இடத்தில்

வலி பல கட்டங்களைத் தாண்டி வருகிறது என்பதால், தடுக்கும் இடங்களும் பல. காயம் பட்ட இடத்தில் சுரக்கும் புராஸ்டாகிளாண்டின் என்ற ரசாயனங்கள் நோசிசெப்டர்களை உசுப்பிவிடுகின்றன. ஆஸ்பிரின் அவற்றின் உற்பத்தியைத் தடுக்கிறது என்று ஜான் வேன் 1971இல் காட்டினார். இபுபுரோஃபெனும் அந்த வழிதான். வீக்கமும் அழற்சியும் உள்ள வலிக்கு இவை கேட்பதும், நரம்பு பழுதான வலிக்கு அவ்வளவாகக் கேட்காததும் இதனால்தான். பல் மருத்துவர் போடும் மரத்துப்போகும் ஊசி, நிருபரின் தொலைபேசிக் கம்பியையே துண்டித்துவிடுகிறது. நரம்பு வலிக்கு மனச்சோர்வு மருந்து எழுதிக் கொடுத்தால் ‘என்னைப் பைத்தியம் என்கிறாரா?’ என்று சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். அவற்றில் சில, மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கிவரும் அடக்கு உத்தரவுகளை வலுப்படுத்துகின்றன. அதற்காகத்தான் அந்தச் சீட்டு.

மார்ஃபின் வகையைச் சேர்ந்த ஓபியாய்டுகள் தண்டுவடத்திலும் மூளையிலும் வேலை செய்கின்றன. அறுவை சிகிச்சைக்குப் பின்னும் புற்றுநோயின் கடும் வலியிலும் இவற்றின் இடம் பெரியது. பயத்தால் அங்கே இவற்றை மறுப்பது கொடுமை. நாள்பட்ட வலியில் கதை வேறு. அமெரிக்காவில் 240 பேரை வைத்து ஓராண்டு நடந்து 2018இல் வெளியான சோதனையில், நாள்பட்ட முதுகு, இடுப்பு, முழங்கால் வலிக்கு ஓபியாய்டுகள் மற்ற மருந்துகளைவிட மேலாக எதையும் சாதிக்கவில்லை. பக்கவிளைவுகள்தான் அதிகம். அதற்குள் அந்த நாட்டில் அடிமைப் பழக்கமும் மரணங்களும் பெருகிவிட்டிருந்தன. நிறுவனங்களின் விளம்பரம் அதற்கு முக்கியக் காரணம். நாடித்துடிப்பைப் போல வலியின் எண்ணையும் எல்லோரிடமும் குறித்து, அதைக் குறைப்பதையே இலக்காக்கிய போக்குக்கும் அதில் பங்கு உண்டு என்று பலரும் குற்றம்சாட்டினார்கள்.

இனி மருந்துப்போலி, அதாவது மருந்து இல்லாத மாத்திரையோ ஊசியோ. அதனால் வலி குறைந்தால் ‘பார்த்தாயா, வலியே பொய்’ என்பார்கள். லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ் என்ற மூவரும் 1978இல், கடைவாய்ப் பல் எடுத்தவர்களிடம் இதைச் சோதித்தார்கள். மருந்துப்போலியால் கிடைத்த நிவாரணம், ஓபியாய்டுகளை முறிக்கும் நலோக்சோன் மருந்தைக் கொடுத்ததும் குறைந்தது. அதாவது, நம்பிக்கை வந்ததும் உடலே தன் சொந்த ஓபியாய்டுகளைச் சுரந்திருக்கிறது. வலியும் பொய்யில்லை, நிவாரணமும் பொய்யில்லை.

ஆசிரியர் குழுவிடமே நேராகப் பேசும் சிகிச்சைகளும் உண்டு. நாள்பட்ட முதுகு வலி உள்ள 151 பேரை வைத்து நடந்த சோதனை 2021இல் வெளியானது. இந்த வலி ஆபத்தின் அறிகுறி அல்ல என்று உணரவைக்கும் பயிற்சியை நான்கு வாரம் பெற்றவர்களில் 66 சதவீதம் பேருக்கு வலி முற்றிலுமோ கிட்டத்தட்ட முழுவதுமோ நீங்கியது. மருந்துப்போலி ஊசி போட்டுக்கொண்டவர்களில் 20 சதவீதம், வழக்கமான சிகிச்சையைத் தொடர்ந்தவர்களில் 10 சதவீதம். ஒரே இடத்தில் நடந்த சிறிய சோதனை என்பதால் இதைத் தலையில் தூக்கிவைத்து ஆட வேண்டியதில்லை. ‘போய் மனதைத் தேற்றிக்கொள்’ என்று விரட்டுவதற்கும் இதற்கும் உள்ள தூரத்தையாவது கவனிக்கலாம்.

நெருப்பில் நடந்த சிறுவனிலிருந்து புதிய மாத்திரை வரை

வட பாகிஸ்தானில் ஒரு சிறுவன் தெருவில் வித்தை காட்டிப் பிழைத்துவந்தான். கைகளைக் கத்தியால் குத்திக்கொள்வான், தணலில் நடப்பான். அவனுக்கு வலி என்பதே இல்லை. பதினான்கு வயது நிறைவதற்குள் கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். அவனுடைய உறவினர்களை ஆராய்ந்த விஞ்ஞானிகள் 2006இல் காரணத்தை வெளியிட்டார்கள். நோசிசெப்டர்கள் மின்செய்தி அனுப்பத் தேவையான ஒரு சோடியம் வாயில், அதாவது சோடியத்தை நரம்புக்குள் விடும் புரதக் கதவு, அவர்களிடம் பிறவியிலேயே வேலை செய்யவில்லை. வலி இல்லாத வாழ்க்கை வரம் அல்ல என்பதற்கும் அந்தக் குடும்பங்களே சாட்சி: கடிபட்ட நாக்கு, கவனிக்கப்படாமல் கூடிய எலும்பு முறிவுகள்.

அந்த வாயிலை மருந்தால் அடைக்கும் முயற்சிகள் பெரிதாகக் கைகூடவில்லை. அதன் நெருங்கிய உறவான இன்னொரு சோடியம் வாயிலை அடைக்கும் சுசெட்ரிஜின் என்ற மாத்திரைக்கு அமெரிக்க அரசு 2025 ஜனவரியில் ஒப்புதல் கொடுத்தது. அது ஓபியாய்டு அல்ல. மூளையில் அல்லாமல் களத்து நரம்புகளிலேயே வேலை செய்வதால் போதைக்கு அடிமையாக்காது என்ற எதிர்பார்ப்பு இருக்கிறது. வயிற்றுத் தோல் அறுவை, கால் பெருவிரல் எலும்பு அறுவை ஆகியவற்றுக்குப் பிறகு வரும் வலியில் அதைச் சோதித்தார்கள். மருந்துப்போலியை அது வென்றது. ஓபியாய்டும் பாராசிட்டமாலும் கலந்த வழக்கமான மாத்திரையை மிஞ்சவில்லை. மரபணுவில் தொடங்கி மூலக்கூறு வரை இத்தனை நுட்பமாக வடிவமைத்த மருந்துக்கும் கடைசியில் மதிப்பெண் போட்டவர்கள் நோயாளிகள்தான். 48 மணி நேரத்தில் திரும்பத் திரும்ப அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்வி: பூஜ்யத்திலிருந்து பத்துக்குள், இப்போது எத்தனை?